சீரும் பங்கும்

கல்யாணச் சம்பிரதாயங்களுக்குக் காரணம் சொல்வது இன்று ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் சரி, பொள்ளாச்சி, காங்கயம், கோபி என்று எந்த ஊர்ப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, பக்கத்து இலையில் இந்தக் கலையில் தேர்ந்த ஒருவர் இருப்பார். "நம்ம பெரியவங்க ஒண்ணுந் தெரியாதவங்களாங்க? ஒவ்வொண்ணுலயும் ஒரு விஞ்ஞானம் இருக்குதுங்க" என்று தொடங்குவார். ரசம் வருவதற்குள் மெட்டி, மஞ்சள், அம்மி, அருந்ததி எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லி முடித்துவிடுவார். இதே காரணங்களை அச்சடித்து அழைப்பிதழோடு கொடுக்கிறவர்களும் உண்டு. கைபேசியில் அனுப்பி வைக்கிறவர்களுக்கோ கணக்கே இல்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கற்பனையின்மேல் விரோதம் இருக்க முடியாது. ஆனால் கதையைக் கதை என்று சொல்லித்தான் கொடுக்கவேண்டும் என்பது என் கட்சி. ஆகவே, பக்கத்து இலைக்காரரின் காரணங்களைக் கொஞ்சம் உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

மோதிர விரலிலிருந்து ஒரு நரம்பு நேரே இருதயத்துக்குப் போகிறது, அதனால்தான் அந்த விரலில் மோதிரம் என்கிறார். இது நம் பெரியவர்கள் சொன்னது அல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த ஔலஸ் கெல்லியஸ் என்பவர், எகிப்து தேசத்தார் சொல்வதாக எழுதி வைத்தது. உடற்கூறு படித்த எந்த டாக்டரும், அந்த விரலுக்கு மட்டும் அப்படி ஒரு தனி வழி இல்லை என்பார். ரோமாபுரிச் சங்கதி எப்படியோ கப்பலேறி வந்து, நம் பாட்டன் சொத்தாகப் பட்டா மாறிவிட்டது.

அது போகட்டும். மெட்டியைப் பார்ப்போம். கால்விரலில் மெட்டி அழுத்தினால் கர்ப்பப்பைக்கு நல்லதாம். மஞ்சள் பூசிக் குளித்தால் கிருமிகள் அண்டாதாம். நல்லது. அப்படியானால் புருஷன் இறந்த அன்று அந்த மெட்டியைக் கழற்றுவானேன்? கர்ப்பப்பையும் அவனோடு போய்விட்டதா? விதவையானவளின் முகத்தில் மஞ்சள் கூடாது என்று சொன்னார்களே, அவளைக் கிருமிகள் தின்றால் பாதகமில்லை என்று அர்த்தமா? மூன்று நாள் காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கொடுக்கும் கஷாயத்தை, அவன் மனைவி செத்துவிட்டாள் என்பதற்காக யாராவது பிடுங்குவார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் விஞ்ஞானம் எழுந்து கை கழுவப் போய்விடும். ஏனென்றால், மெட்டியும் மஞ்சளும் உடம்புக்காக ஏற்பட்டவை அல்ல, ஊருக்காக ஏற்பட்டவை. இவள் இன்னாருடைய மனைவி, இவளுடைய புருஷன் இருக்கிறான் என்று ஊருக்கு அறிவிக்கும் பலகைகள் அவை. பலகையில் எழுதியிருந்த செய்தி பொய்யாகிப் போன அன்று பலகையையும் இறக்கிவிட்டார்கள். இவ்வளவுதான் சூட்சுமம்.

இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது. ஒரு சம்பிரதாயம் எதற்காக ஏற்பட்டது என்று தெரிய வேண்டுமானால், அது யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. யாருக்கு மறுக்கப்படுகிறது என்றும் பார்க்கவேண்டும். மறுக்கும் இடத்தில்தான் அதன் உண்மையான காரணம் வெளியே தெரியும்.

காரணம் சொல்பவர்கள் கையில் இன்னொரு ஆயுதமும் இருக்கிறது. "ஆயிரக்கணக்கான வருஷங்களாக நடந்து வருவது" என்பது அது. ஒரு வழக்கம் பழமைத் தோற்றம் பெறுவதற்கு ஆயிரம் வருஷம் தேவையே இல்லை. வெள்ளைக்காரர்கள் கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைக் கவுன் உடுத்துவது பைபிள் காலத்து வழக்கம் என்று அவர்களிலேயே பலர் எண்ணுகிறார்கள். 1840-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் விக்டோரியா ராணி தன் கல்யாணத்துக்கு வெள்ளை உடுத்தினாள். அதற்குப் பிறகுதான் அது நாகரிகமாகப் பரவியது. அதற்கு முன் அவரவர்க்குக் கிடைத்த நல்ல உடை எந்த நிறமோ அதுதான் கல்யாண உடை. நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் போடுவது அமெரிக்காவில் இவ்வளவு பரவியதற்கு, டி பீர்ஸ் என்ற வைரக் கம்பெனியின் விளம்பரம் ஒரு பெரிய காரணம். வைரம் என்றென்றைக்கும் நிலைத்தது என்ற அவர்களுடைய விளம்பர வாசகம் பிறந்த வருஷம் 1947. நம் சுதந்திரத்தின் வயதுதான் அதற்கும். இன்று கோயம்புத்தூர் நகைக்கடைகளில் அந்த மோதிரத்தைக் கேட்டு வாங்குகிற பிள்ளைகளுக்கு அது அநாதி காலத்துச் சம்பிரதாயமாகத்தான் தோன்றும்.

நம்முடைய பழமை எப்படி? புத்தகங்களைத் திறந்து பார்க்கலாம். அகநானூற்றில் 86-ஆம் பாட்டும் 136-ஆம் பாட்டும் கல்யாணப் பாட்டுக்கள். முதலாவதைப் பாடியவர் நல்லாவூர் கிழார். வரிசையாகக் கால் நட்ட பந்தல், புது மணல், வீட்டு விளக்கு, மாலைகள், உளுந்து சேர்த்த பொங்கல், சந்திரன் நல்ல நாளோடு கூடிய விடியற்காலை, பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் சேர்ந்து மணப்பெண்ணைப் பூவும் நெல்லும் கலந்த நீரால் வாழ்த்திக் குளிப்பாட்டுவது, பிறகு சுற்றத்தார் அவளை அவனிடம் ஒப்படைப்பது. கல்யாணம் முடிந்தது. ஓமத் தீ இல்லை, மந்திரம் இல்லை, தாலி இல்லை. இரண்டாவது பாட்டில் இறைச்சிச் சோறு இருக்கிறது. வாகை இலையும் அறுகின் அரும்பும் சேர்த்த வெண்ணூலைச் சூட்டுவதும் இருக்கிறது. அந்த நூல்தான் தாலிக்குத் தாய் என்று சொல்வாரும் உண்டு, அது வெறும் காப்பு நூல் என்பாரும் உண்டு. தாலி என்ற சொல்லே சங்க நூல்களில் குழந்தைகளின் கழுத்தில்தான் தொங்குகிறது. ஐம்படைத் தாலி என்பது பிள்ளைக்குக் கட்டும் காவல் நகை.

சிலப்பதிகாரத்துக்கு வந்தால் முதிய பார்ப்பான் வழிகாட்ட, கோவலனும் கண்ணகியும் தீயை வலம் வருகிறார்கள். ஆண்டாளின் கனவுக் கல்யாணத்தில் காப்புக் கட்டுவது, புதுக் கூறை உடுத்துவது, மாப்பிள்ளையின் சகோதரி முறையில் துர்க்கை வந்து மாலை சூட்டுவது, தீவலம், அம்மி மிதிப்பது, பெண்ணின் சகோதரர்கள் பொரி இடுவது எல்லாம் வரிசையாக வருகின்றன. கம்பரின் கடிமணப் படலத்தில் தீயும் பொரியும் அம்மியும் அருந்ததியும் உண்டு. இவ்வளவு விவரமாகச் சொன்ன ஆண்டாளும் கம்பரும் தாலி கட்டியதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாலி வேண்டாம் என்று வாதாடுவதற்காக இதை எழுதவில்லை. கட்டிக்கொள்கிறவர்கள் மனமொத்துக் கட்டிக்கொள்ளட்டும். ஆனால் எதை நாம் எல்லாவற்றிலும் பழமையானது என்று பெருமை பேசுகிறோமோ, அது பின்னால் வந்தது. நாம் கவனிக்காமலே விட்டுவிடுகிற சில விஷயங்கள்தான் உண்மையிலேயே பழமையானவை. பிள்ளை பெற்ற பெண்கள் வாழ்த்துவதையும், மாப்பிள்ளையின் சகோதரி முன்னால் வந்து நிற்பதையும் சொல்கிறேன்.

சடங்கு ஏன் ஏற்பட்டது என்பதற்குத் தொல்காப்பியர் ஒரு காரணம் சொல்லியிருக்கிறார். உலகத்தில் பொய்யும் தவறும் வந்த பிறகு பெரியவர்கள் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்று கற்பியலில் சொல்கிறார். கிரகமும் கிருமியும் அவருக்குத் தோன்றவில்லை. ஒருத்தியைத் தொட்டுவிட்டு, அவளை எனக்குத் தெரியாது என்று ஒருவன் சொல்லக்கூடும். அப்போது சாட்சி வேண்டும். எழுத்துப் பத்திரம் இல்லாத ஜனங்களுக்குச் சடங்குதான் பத்திரம். பந்தலில் கூடிய ஊர்தான் சாட்சிக் கையெழுத்து. பக்கத்து இலைக்காரர் சொல்லும் நூறு காரணங்களையும்விட இந்த ஒன்று எனக்குத் திருப்தியாக இருக்கிறது.

இந்தக் கண்ணோடு கொங்குக் கல்யாணத்தைப் பார்க்கவேண்டும். வெள்ளாளக் கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தைப் பெரும்பாலும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றித்தான் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சீர்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் அடிப்படை ஒன்றுதான்: ஒவ்வொரு சீரும் ஓர் ஆளைக் கூப்பிட்டு நிறுத்தி, அவர் வாயால் அல்லது கையால் ஓர் உடன்படிக்கையை ஊரறியச் செய்ய வைக்கிறது. நிச்சயத்தன்று இரு வீட்டாரும் சேர்ந்து உப்பும் சர்க்கரையும் வாங்கி மாற்றிக்கொள்வதிலிருந்து இது தொடங்குகிறது. உப்புச் சர்க்கரை மாற்றிய பிறகு பேச்சு மாறக்கூடாது. ரிஜிஸ்தர் ஆபீஸில் பணம் கட்டிச் செய்யும் ஒப்பந்தத்தைக் கவுண்டர் மளிகைக் கடையில் நாலணாவில் முடித்தார்.

கல்யாணத்தை நடத்தி வைப்பவர் அருமைக்காரர். பழைய வழக்கத்தில் இந்த வேலைக்குப் புரோகிதர் தேவையில்லை. அவரோடு அருமைக்காரி. மக்களைப் பெற்று, எழுதிங்கள் என்ற சீரும் செய்துகொண்ட சுமங்கலிதான் பெண்ணைத் தொட்டுச் சீர் செய்யலாம். நல்லாவூர் கிழார் பாட்டில் வருகிற, பிள்ளை பெற்ற நான்கு பெண்களை நினைத்துப் பாருங்கள். இரண்டாயிரம் வருஷ தூரத்தில் அந்தப் பெண்களுக்கு நம் ஊர் அருமைக்காரி ஒன்றுவிட்ட அக்கா மாதிரி நிற்கிறாள். மந்திரம் படித்தவன் அல்ல, வாழ்ந்து பார்த்தவள்தான் வாழப்போகிறவளை வாழ்த்தவேண்டும் என்று வைத்தார்களே, அதை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

பெருமையோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. மறுக்கப்படுகிறவர் யார் என்று பார்க்கவேண்டும் அல்லவா? பெண்ணைப் பெற்று, தகப்பன் இல்லாமல் தனியாளாகத் தோட்டம் பார்த்து, மாடு கறந்து, அவளைப் படிக்க வைத்து, கல்யாணம் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திய தாய், விதவையாக இருந்தால் அந்தப் பந்தலில் பின்வரிசைக்குப் போகவேண்டும். முகூர்த்த சமயத்தில் அவள் தூணுக்குப் பின்னால் நின்று, யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திராதவர்கள் கொங்கு நாட்டில் இருக்கமாட்டார்கள். வாழ்ந்து பார்த்தவள் வாழ்த்தவேண்டும் என்பதுதான் கருத்தானால், அவளைவிட வாழ்க்கையைப் பார்த்தவள் யார்? ஆகவே கருத்து அது மட்டும் அல்ல. புருஷன் உயிரோடிருப்பது மனைவியின் சாமர்த்தியம், சாவது அவளுடைய குற்றம் என்ற பழைய பயமும் சேர்ந்தே அந்தச் சீரில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றைப் போற்றிவிட்டு மற்றதை மறைப்பது யோக்கியமான விமரிசனம் ஆகாது.

அடுத்தது மங்கல வாழ்த்து. கல்யாணத்தின் சீர்களை வரிசையாகச் சொல்லி வாழ்த்தும் நீண்ட பாட்டு இது. கம்பரே பாடிக் கொடுத்தது என்று கொங்கு நாட்டார் நம்புகிறார்கள். நான் பாட்டை ரசிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது கம்பர் வாக்கு அல்ல. கம்பர் பாடிய கல்யாணம் கடிமணப் படலத்தில் இருக்கிறது. அதில் அரசர்கள் வருகிறார்கள், ஓமம் வளர்கிறது, அருந்ததியைக் காண்கிறார்கள். மங்கல வாழ்த்தின் உலகம் வேறு. அது சாதாரண ஜனங்களின் பேச்சுக்கு அருகில் இருக்கிற பிற்காலத் தமிழில், உழவர் வீட்டுக் கல்யாணத்தை, அந்த வீட்டுச் சாமான்களோடும் சுற்றத்தோடும் சொல்கிறது. கம்பர் பெயரை நீக்கிவிட்டால் பாட்டின் மதிப்புக் குறைந்துவிடும் என்று பயப்படவேண்டாம். கூடவே செய்யும். ஒரு மகாகவி, ராஜ சபைக்கு எழுதியது போக மிச்ச நேரத்தில் எழுதிக் கொடுத்தது என்பதைவிட, பெயர் தெரியாத யாரோ ஒருவர் தம் கண்ணால் கண்ட கல்யாணத்தைக் கணக்குத் தவறாமல் பாடி வைத்தார் என்பது எனக்கு மேலாகப் படுகிறது. நாவல் எழுதுகிறவர்கள் அதனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எந்தச் சீரையும், எந்த ஆளையும் அலட்சியமாகத் தாண்டிப் போகாத பொறுமையே அது.

அந்தப் பாட்டைப் பாடுகிறவர் யார்? ஊர் நாவிதர். கொங்கு நாட்டில் அவரைக் குடிமகன் என்று சொல்வார்கள். அவர் ஓரடி பாடி நிறுத்த, மேளக்காரர் ஒரு தட்டுத் தட்ட, மறுபடி அடுத்த அடி. நூற்றுக்கணக்கான அடிகளைத் தகப்பன் வாயிலிருந்து கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அந்த மனிதருக்கு, அந்த அரைமணி நேரம் பந்தலே வாய் மூடிக் காது கொடுக்கும். பாட்டு முடிந்து, வேட்டியும் பணமும் வாங்கிக்கொண்டு அவர் நகர்ந்ததும், பழைய நாட்களில் அவருக்குப் பந்தியில் இடம் கிடையாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, தனியாக. கல்யாணம் செல்லுபடியாக அவர் வாழ்த்து வேண்டும், அவர் பக்கத்து இலை வேண்டாம். வண்ணாருக்கும் குயவருக்கும் மாதாரிக்கும் கதை இதேதான், சிலருக்கு இன்னும் மோசம். அரசியல் சட்டம் இந்நாட்டு மக்களைக் குடிமக்கள் என்று அழைக்கிறது. கொங்குத் தமிழ் அந்தப் பெயரை வெகுகாலமாக நாவிதருக்கு மட்டும் வைத்திருந்தது. அர்த்தத்தைத்தான் கொடுக்கவில்லை.

இப்போது பாடத் தெரிந்த குடிமகன்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மகன் கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்டான், அவனை யார் குறை சொல்ல முடியும்? மரியாதை இல்லாத இடத்தில் வித்தை தங்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் செண்டை மேளம் வந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டது. சத்தத்துக்குக் குறைவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இணைச்சீர்.

மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன் அவனுடைய சகோதரிக்கு நடக்கும் சீர் இது. மணப்பெண்ணுக்குரிய கூறைச் சேலையைப் பேழைமூடியில் வைத்துச் சகோதரி சுமந்து நிற்பாள். சேலையின் ஒரு நுனியால் அவளையும் மாப்பிள்ளையையும் இணைத்து, அருமைக்காரர் சீர் செய்வார். உடன்பிறந்தவள் இல்லையென்றால் சித்தப்பன் மகளோ பெரியப்பன் மகளோ இணைச்சீர்க்காரியாக நிற்பாள். யாரும் இல்லாமல் சீர் நடக்காது. 1964 முதல் 1966 வரை காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ச்சி செய்த பிரெண்டா பெக் என்ற பெண்மணி, 1972-இல் வெளியிட்ட தம் கொங்கு நூலில் இந்தச் சீருக்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறார். வந்தவர் கண்ணுக்கு எது முக்கியம் என்று பட்டது பாருங்கள்.

நம்மவர்கள் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். "அண்ணன் தங்கச்சி பாசத்துக்கு உலகத்துலயே இப்படி ஒரு சீர் கிடையாதுங்க." பொன்னரும் சங்கரும் தங்கை அருக்காணிக்கு வைத்திருந்த பாசத்தைத் தெருக்கூத்திலும் உடுக்கடிப் பாட்டிலும் இரவிரவாகக் கேட்டு அழுத நாடு இது. பாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சடங்கு பாசத்துக்காக ஏற்படுவதில்லை. பாசத்தை நம்பி விட முடியாத இடத்தில்தான் சடங்கு ஏற்படுகிறது. தொல்காப்பியர் சொன்னது அதுதான்.

இணைச்சீரின் உடன்படிக்கை என்ன? புதிதாக ஒருத்தி இந்த வீட்டுக்கு வருகிறாள். அவள் உடுத்தப்போகும் சேலையை, இந்த வீட்டிலிருந்து வெளியே போன அல்லது போகப்போகிற பெண் சுமந்து வந்து கொடுக்கிறாள். வந்தவளால் போனவளின் உரிமை அற்றுப் போகாது. அவள் மக்களுக்கும் இவன் மக்களுக்கும் நாளைக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு. அவளுக்குச் செய்ய வேண்டிய சீர்களை இவன் செய்வான். இத்தனையையும் ஊர் கேட்கச் சொல்வதுதான் அந்தச் சேலை நுனி. ரொம்ப நல்ல உடன்படிக்கை. ஆனால் அதில் இல்லாதது எது? நிலம். பேழைமூடியில் சேலை இருக்கிறது, காடு இல்லை. பெண்ணுக்குப் பூமியில் பங்கில்லை என்று ஏற்பட்ட சமூகம், பங்கில்லாதவளுக்குச் சொன்ன ஆறுதல் வார்த்தையை இவ்வளவு அழகான சீராகச் செய்து வைத்தது. பாசம் என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பாதி, பங்குக்குப் பதிலாகக் கொடுத்த ஈடு.

கொங்குத் தமிழில் முதல் பெரிய நாவலை எழுதிய ஆர். சண்முகசுந்தரத்துக்கு இது நன்றாகத் தெரியும். 1942-இல் வெளிவந்த 'நாகம்மாள்' கல்யாணக் கதை அல்ல, பங்குக் கதை. புருஷனை இழந்த நாகம்மாள் கொழுந்தனிடம் பங்கு கேட்கிறாள். அந்த ஒரு வார்த்தை கொலையில் போய் முடிகிறது. விதவைக்குக் கணவன் சொத்தில் உரிமை தந்த சட்டம் 1937-இல் வந்தது. விளைநிலத்துக்கு அது செல்லாது என்று 1941-இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. அந்த நாவல் வெளிவந்தது மறுவருஷம். சீர் பேசும் பாஷை ஒன்று, வரப்பு பேசும் பாஷை வேறு என்பதை அவரைப்போல் காட்டியவர் இல்லை.

பிறகு சட்டம் மாறியது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பங்கு என்று ஆயிற்று. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமாகிவிட்ட பெண்களுக்குக் கிடையாது. அதாவது ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்குப் பிப்ரவரியிலும் தங்கைக்கு ஏப்ரலிலும் முகூர்த்தம் வைத்திருந்தால், தங்கைக்கு நிலம், அக்காவுக்குச் சேலை! முகூர்த்த நாள் பார்த்துக் கொடுத்த எந்த ஜோசியரும் இந்தக் கிரகத்தைக் கண்டிருக்க மாட்டார். 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்த வித்தியாசத்தையும் நீக்கியது. பிறப்பினாலேயே மகளுக்குப் பங்கு உண்டு, அந்தத் திருத்தம் வந்தபோது தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சட்டம் வந்ததும் விடுதலைப் பத்திரம் வந்தது. எனக்கு வேண்டிய ஓர் அம்மாள், தம்பி கல்யாணத்தில் பேழைமூடி சுமந்து இணைச்சீர்க்காரியாக நின்றவர். சில வருஷங்களுக்குப் பிறகு அதே தம்பியோடு ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போய், தமக்குப் பங்கு ஒன்றும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். "ஏனுங்கம்மா இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். "பங்கக் கேட்டா பங்கு வந்துருமுங்க தம்பி. நாளைக்கு நான் பொறந்த ஊட்டுப் படி மிதிக்கோணுமல்லங்க?" என்றார். அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. வானம் பெய்யும், காயும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். இணைச்சீர் எதற்கு ஏற்பட்டது என்று எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் பதில் சொன்னதில்லை.

சொத்துத்தான் சம்பிரதாயத்தின் வேர் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. வேலூருக்குப் பக்கத்தில் விரிஞ்சிபுரம் கோயிலில், விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில், 1425-ஆம் வருஷத்தை ஒட்டி வெட்டப்பட்ட ஒரு கல்வெட்டு. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் கூடி, இனிமேல் பெண்ணைக் கன்னிகாதானமாகத்தான் கொடுக்கவேண்டும், பெண்ணுக்காகப் பொன் வாங்கக்கூடாது, வாங்கினவனும் கொடுத்தவனும் தண்டனைக்கு உரியவர்கள், ஜாதிக்குப் புறம்பாவார்கள் என்று எழுதி வைத்தார்கள். கன்னிகாதானம் பிரம்மதேவன் காலத்திலிருந்து மாறாமல் வருவது என்று நாம் நினைக்கிறோம். பெண்ணைப் பெற்றவர்கள் பொன் வாங்கிக்கொண்டிருந்ததால்தானே தடை போட வேண்டியிருந்தது? மற்ற ஜாதியார் பலரிடம் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுப்பது வெகுகாலம் நீடித்தது. பரிசம் போடுவது என்ற சொல் இன்னும் நம் வாயில் இருக்கிறது. சொல் அப்படியே இருக்கப் பணம் மட்டும் திரும்பி எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது. பெண் வீட்டாரே பவுனும் காரும் கொடுக்கிறார்கள். வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். மண்டபத்தில் நகைக்கணக்கை ரகசியமாகப் பேசுகிறார்கள் என்பது ஒன்றுதான் அதன் பலன் என்று சில சமயம் தோன்றுகிறது. இதற்கு மட்டும் பக்கத்து இலைக்காரர் விஞ்ஞானக் காரணம் சொல்லிக் கேட்டதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை கல்யாணத்துக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம், இரு தரப்பில் யாராவது ஒருவருடைய வழக்கப்படி சடங்கு நடந்தால் போதும் என்கிறது. அதன்படி அருமைக்காரரும் அதிகாரமுள்ளவர்தான். சுயமரியாதைக் கல்யாணங்களுக்கு 1967-இல் அண்ணாதுரை அரசாங்கம் கொண்டுவந்த திருத்தம் அங்கீகாரம் அளித்தது. மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ, ஏதாவது ஒன்று போதும். ஆகவே எந்தச் சீரும் இன்று கட்டாயத்துக்காக இருக்க வேண்டியதில்லை. வைத்துக்கொள்வதும் விடுவதும் நம் இஷ்டம். இஷ்டம் என்று வந்துவிட்டால் பொறுப்பும் நம்முடையது. பெரியவர்கள் வைத்தார்கள் என்று அவர்கள் தலையில் போட்டுவிட முடியாது.

சீர்கள் எல்லாம் மூட வழக்கம், ஒழித்துவிடலாம் என்பவர்களோடு நான் சேரவில்லை. சீர்களை ஒழித்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறோம்? கலர் விளக்கு, வடக்கேயிருந்து வந்த மருதாணி விழா, சினிமாவைப் பார்த்து மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடும் ஆட்டம், வரிசையில் நின்று படம் பிடித்துக்கொண்டு போகும் ஆயிரம் பேர். இதில் யாரும் யாருக்கும் எந்த வார்த்தையும் கொடுப்பதில்லை. மூன்று நாள் கல்யாணத்தில் பத்துப் பேராவது முன்னால் வந்து நின்று பொறுப்பேற்றார்கள். இன்று பொறுப்பேற்பவர் மண்டபத்து மானேஜர் ஒருவர்தான். இணைச்சீரையும் விட்டுவிடவில்லை, படக்காரர் சொல்லும் பக்கம் திரும்பி நின்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள்.

வைத்துக்கொள்வதானால் உடன்படிக்கையோடு வைத்துக்கொள்ளலாம். மங்கல வாழ்த்துப் பாட ஒருவர் கிடைத்தால் அவர் பெயரை அழைப்பிதழில் போடலாம். நாதஸ்வர வித்துவான் பெயரைப் போடுகிறோமே! பாடி முடிந்ததும் முதல் பந்தியில் சம்பந்தியின் பக்கத்து இலையில் அவரை உட்கார வைக்கலாம். பெண்ணின் தாய் விதவையானால், அருமைக்காரி எடுக்கும் முதல் அட்சதையை அவள் கையில் கொடுக்கலாம். நல்லாவூர் கிழார் காலத்துப் பெண்கள் யாரும் எழுந்து வந்து தடுக்கப் போவதில்லை. இணைச்சீருக்கு முதல் நாள், தகப்பனாரும் பிள்ளைகளும் மகளும் உட்கார்ந்து, அவளுக்கு உரியது எது என்று எழுதிப் பதிவு செய்துவிட்டு வரலாம். மறுநாள் அவள் பேழைமூடியைத் தூக்கட்டும். பங்கை வாங்கிக்கொண்ட பிறகும் அண்ணன் தங்கை பாசம் மிச்சமிருந்தால், அப்போதுதான் அது பாசம் என்று நிச்சயமாகத் தெரியும். பக்கத்து இலைக்காரர் சொல்கிறபடி உலகத்திலேயே இல்லாத சீராகவும் இருக்கும்.